வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டிய தாள்

31 ஜனவரி 2025, வெள்ளி

எங்கள் முதியோர் வகுப்பு மாலை ஐந்து மணிக்கு, பக்கத்து நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு அறையில் நடக்கிறது. பகலில் அதே அறையில்தான் என் பேத்தி சந்தியா படிக்கிறாள். இன்று கரும்பலகையை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அறிவியலும் கணக்கும் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று சத்யப்ரியா டீச்சர் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அந்த வேலைகளின் பெயர்கள்தான் பலகை முழுவதும். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். மண் ஆய்வாளர். ரத்தப் பரிசோதகர். பாலம் கட்டும் பொறியாளர். பூகம்பத்தை அளப்பவர். எனக்கு வயது எழுபத்திரண்டு. உலகத்தில் இத்தனை வேலைகள் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சந்தியாவிடம் சொன்னேன்.

"முழு போர்டும் படிச்சிட்டியா தாத்தா? பூகம்பம்கூடவா?"

"அதுக்குத்தாம்மா ரொம்ப நேரம் ஆச்சு."

சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இன்று முப்பத்தொரு பெயர் படித்தேன்.

5 பிப்ரவரி

காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படித்தேன். நட்சத்திரம், திதி, நல்ல நேரம். இதுவரை யாராவது சொல்லித்தான் தெரியும். இனி யாரையும் கேட்க வேண்டாம்.

14 பிப்ரவரி

டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மே மாதம் பத்து நாள் முகாம். பள்ளிக்கு இரண்டு பேர். தங்கி, சாப்பிட்டு, அங்கே இருக்கும் ஆய்வுக்கூடங்களில் தாங்களே செய்து பார்க்கலாம். சந்தியாவும் அருள் என்கிற பையனும் தேறியிருக்கிறார்கள்.

என் மகன் உதயகுமார் தவறிப்போய் நாலு வருடம் ஆகிறது. மருமகள் ரேவதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலை கம்பெனி பஸ். இன்று வந்ததும் விஷயத்தைக் கேட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"எங்க லைன்ல மிஷின் நின்னுடுச்சுன்னா ஒரு பொண்ணு வரும் மாமா. டிப்ளமோ படிச்ச பொண்ணு. நாங்க எல்லாம் சும்மா நின்னுக்கினு இருப்போம். அது வந்து பெட்டியத் திறந்து பார்க்கும். பெட்டியத் திறக்கிறது அது மட்டுந்தான். இவளும் அப்பிடித் திறக்கணும்."

17 பிப்ரவரி, திங்கள்

முகாமுக்கான தாள் வந்தது. கடைசிப் பக்கத்தில், பிள்ளை வீட்டில் எதைக் கவனிக்கிறாள் என்று பாதுகாவலர் தம் கையால் எழுத வேண்டும். ரேவதி என்னிடம் கொடுத்தாள். "பகல்ல அவ கூட இருக்கிறது நீங்கதானே மாமா." என் வாழ்நாளில் நான் எழுதப் போகிற முதல் படிவம்.

வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். நானே கொண்டு வந்து தருவேன் என்று சந்தியாவிடம் சொல்லிவிட்டேன்.

18 பிப்ரவரி

வேறு தாளில் எழுதிப் பார்த்தேன். இன்னொரு தாளில் மறுபடியும் எழுதினேன்.

19 பிப்ரவரி, புதன்

இன்று எழுதினேன். "என் பேத்தி கரண்டு மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுவதை எண்ணுவாள். மிக்சி ஓடும்போது வேகமாக மின்னுகிறது, மின்விசிறிக்கு மெதுவாக மின்னுகிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். யாரும் சொல்லித் தரவில்லை." கீழே ராஜகோபால் என்று கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் தொட்டு வைத்தேன்.

காலண்டரைப் பார்த்தேன். நாளை அஷ்டமி. வெள்ளி நவமி.

ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவன் நான். அஷ்டமி நவமியில் தறிக்குப் புதுப் பாவு நூல் ஏற்ற மாட்டோம். முடிந்த சேலையை எடுத்துக்கொண்டு போனாலும் முதலாளி வாங்க மாட்டார். "ரெண்டு நாள் கழிச்சி எடுத்தாப்பா" என்பார். அதனால் யாருக்கும் ஒன்றும் கெட்டதில்லை. பிள்ளை முதல் முதலாக வெளியூர் போகிற காரியம். திங்கட்கிழமை தரலாம்.

21 பிப்ரவரி, வெள்ளி

எப்படி எழுதுவது.

நாலே முக்காலுக்குச் சந்தியா ஓடி வந்தாள். பள்ளி விட்டதிலிருந்து கேட்டில் எனக்காக நின்றிருக்கிறாள்.

"ஏன் தாத்தா வரல? குடுத்துட்டியா?"

"இன்னிக்கி நாள் சரியில்லம்மா. திங்கக்கிழமை குடுத்துக்கலாம்."

அவள் முகம் — அதை நான் எழுத மாட்டேன். அலமாரியிலிருந்து தாளை உருவிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே நடந்தேன். என் வேகம் எனக்குத் தெரியாதா? நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் மேஜை முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். தாள் அவள் கையிலேயே இருந்தது.

கம்ப்யூட்டரில் பெயர் பதிவது ஐந்து மணிக்கு மூடிவிடுமாம். டீச்சர் மூன்று மணியிலிருந்து ரேவதிக்குப் போன் போட்டிருக்கிறார். கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நாலே முக்காலுக்குப் பரீட்சையில் மூன்றாவதாக வந்த திரிஷாவின் பெயரைப் பதிந்துவிட்டார். திரிஷாவின் அம்மாவை வரவழைத்துத் தாளையும் எழுதி வாங்கியிருந்தார்.

"மாத்தி எழுதுங்கம்மா. தப்பு என்னுதும்மா. பிள்ளை மேல இல்ல," என்றேன்.

"இன்னொரு பிள்ள பேர எப்படிங்கய்யா அடிக்கிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு எங்கள் வகுப்பு. உட்கார்ந்திருந்தேன். பலகையில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கவில்லை.

22 பிப்ரவரி

ரேவதி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நல்லதுக்குன்னுதான் பண்ணீங்க மாமா. எனக்குத் தெரியுது. ஆனா அத அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல," என்றாள்.

பொடி எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்தால் அன்று என்ன திதி என்று கேட்கவாவது போயிருப்பேன். கேட்ட இடத்தில் யாராவது, போய்க் குடுய்யா என்று சொல்லியிருப்பார்கள்.

24 பிப்ரவரி

சந்தியா என்னிடம் பேசவில்லை.

26 பிப்ரவரி

சோறு போடுகிறாள். பேசவில்லை.

28 பிப்ரவரி, வெள்ளி

பெற்றோர் கூட்டம். தாள்கள் ஏன் தாமதமாக வருகின்றன என்று டீச்சர் பொதுவாகத்தான் கேட்டார், என் பேரைச் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன். அஷ்டமி, நவமி, எல்லாம்.

ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாணிக்கவேல் சொன்னார்: "பெருசுக்கு எழுத்து வந்த வேகத்துக்குப் புத்தி வரல போல." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை.

பிறகு டீச்சர் பேசினார். முகாமுக்கு இரண்டு பேர்தான் போக முடியும், மீதி முப்பத்தாறு பேருக்கும் இந்த வேலைகள் பலகையோடு முடிந்துவிடக் கூடாது, ஊரிலேயே இவற்றைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்டச் சம்மதிக்கிறவர்கள் யாரென்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். யாரும் கை தூக்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு இல்லை.

4 மார்ச்

நேற்றும் இன்றும் பஸ் ஏறிப் போய் ஊர்ப் பலகைகளைப் படித்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு நாள், காமாட்சி அம்மன் கோவில் சுற்றுத் தெருக்கள் ஒரு நாள். இத்தனை வருடம் இந்தப் பலகைகளுக்குக் கீழேதான் நடந்திருக்கிறேன். மண் பரிசோதனை நிலையம். துணை மின் நிலையம். ரத்தப் பரிசோதனைக் கூடம். நிலத்தடி நீர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் உள்ளே போய்க் கேட்டேன்.

மின் நிலையத்தில் கேட்டைத் திறக்கவே இல்லை. மண் பரிசோதனையில் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு இடத்தில், "யாருய்யா உன்ன அனுப்புனது?" என்றார்கள்.

"யாரும் அனுப்பலீங்க. நான்தான் வந்தேன்."

நிலத்தடி நீர் அலுவலகத்தில் லக்ஷணா என்று ஒரு பொறியாளர், சின்ன வயது, சின்ன காஞ்சிபுரத்துப் பெண். நான் கேட்டு முடிக்கும்வரை வெயிலில் நிற்கவிடாமல் உட்கார வைத்தார். பிறகு, "எத்தனை பிள்ளைங்க வருவாங்க?" என்றார்.

5 மார்ச்

பதினோரு இடம் போனேன். மூன்று பேர் சரி என்றார்கள். இடம், பெயர், நேரம் எழுதி, எழுதிய கையோடு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "உங்க கையெழுத்துங்களா?" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்வியை ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

15 மார்ச், சனி

ரத்தப் பரிசோதனைக் கூடம். போய் வந்தார்கள். சந்தியா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரேவதியிடம் நிறையச் சொன்னாள். சமையலறையிலிருந்து கேட்டது. நுண்ணோக்கியில் ரத்தம் சிவப்பாகவே இல்லையாம்.

22 மார்ச், சனி

நிலத்தடி நீர். துணைக்கு ஆள் குறைவு என்று டீச்சர் என்னையும் கூப்பிட்டார். நான் வரிசையின் கடைசியில் நடந்தேன்.

பாலாற்று ஓரம் ஒரு கண்காணிப்புக் கிணறு. லக்ஷணா ஒரு டேப்பை உள்ளே விட்டார். அதன் நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே மணி அடித்தது. பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். மாதாமாதம் இப்படி அளந்தால்தான் மழை பெய்தும் ஊருக்கு ஏன் தண்ணீர் இல்லை என்று கண்டுபிடிக்க முடியும் என்றார். இதற்குப் புவியியல் படிக்கலாம், பொறியியல் படிக்கலாம், எதைப் படித்தாலும் அடிப்படை கணக்கு என்றார்.

ஒருத்தி மட்டும் கேட்டாள். "மேடம், ஒரு கிணத்துல பார்த்தா போதுமா? பக்கத்துத் தெருவுல வேற மாதிரி இருந்தா?"

சந்தியாதான். லக்ஷணா அவள் பக்கம் திரும்பினார். "போதாதும்மா. எங்ககிட்ட இருக்கிற கிணறு கம்மி. அதான் கஷ்டமா இருக்குது," என்றார்.

12 மே

திரிஷா முகாமுக்குப் புறப்பட்டாள். சந்தியா பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலிலேயே இருந்தேன். தட்டவில்லை. தட்டி என்ன சொல்வது?

23 மே

திரிஷா திரும்பி வந்து ஒரு மணி நேரம் கதை சொன்னாள். அங்கே ரோபோ செய்தார்களாம். சந்தியா சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அது முழுச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இது ஆறாது. ஆறும் என்று எழுதி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்.

1 ஜூன், ஞாயிறு

காலையில் கொல்லையிலிருந்து சத்தம் கேட்டது.

"தாத்தா, இங்க வா. ஒரு ஆள் வேணும். உன் நோட்டையும் எடுத்தா."

எங்கள் கிணற்றில் கயிறு விட்டுக்கொண்டிருந்தாள். மீட்டருக்கு ஒரு முடிச்சு, மீதிக்கு ஸ்கேல், நுனியில் ஒரு கல். தெருவில் ஆறு வீட்டில் கேட்டு வைத்திருக்கிறாளாம். மாதம் ஒன்றாம் தேதி ஏழு கிணறும் அளந்து லக்ஷணா மேடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவளால் எழுத முடியாது.

எங்கள் வீடு: 9 மீட்டர் 40.
ரேஷன் கடைக்காரர் வீடு: 9 மீட்டர் 85.
மாணிக்கவேல் வீடு: 11 மீட்டர் 10.

இதை மட்டும் இரண்டு தடவை அளந்தாள். இத்தனை பக்கத்தில் இவ்வளவு இறங்கியிருக்கிறதே, ஏன் என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரில. எழுது," என்றாள்.