திருஷ்டிப் பூசணி போட்ட ஓட்டை

என் வாய்க்குச் சரிக்குச் சரி நின்ற ஒரே நாத்தனாரே, வசந்தி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு மழைக்காலம் உன் தலையணையில் சொட்டிய தண்ணீருக்குக் காரணம் டிங்கர் ஏழுமலை இல்லை. நான்தான். அவன் பட்டறை வாசலில் நின்று அந்த மனுஷனை நீ கிழித்துத் தொங்கவிட்டபோது, பக்கத்தில் நின்று "நல்லா கேளு வசந்தி" என்று எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸுக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி வைத்து நீ வீடாக்கிய புதிது. வண்டியோரம் நிழலுக்குப் படுதா வேண்டும் என்று ஏழுமலையிடம் சொல்லி, பக்கக் கதவுக்கு மேலே ஒரு அலுமினிய சேனல் அடிக்கவைத்தாய். அதன் பள்ளத்தில் துணியின் ஓரத்தை நுழைத்துத் தள்ளினால் பந்தல் தயார். பாகூரில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வண்டியில் குடித்தனம் பண்ணப் போகிறாளாமே என்று கடைத்தெருவே கேட்டது. எனக்குப் பயம். கண் பட்டுவிடாதா? உனக்கோ திருஷ்டி என்ற பேச்சே ஆகாது.

அதனால் நீ பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கடைசி டூட்டி பார்க்கப் போன நாளில், உன் அண்ணனின் டிரில்லை எடுத்து அந்தச் சேனலில் ஓட்டை போட்டேன். சேனலோடு நிற்கவில்லை, வண்டியின் தகடும் ஓட்டையாகிவிட்டது. கொக்கி திருகி, மீசை வரைந்த பூசணிக்காயைத் தொங்கவிட்டேன். வந்ததும் வராததுமாக நீ அதைப் பிடுங்கித் தெருவில் உடைத்தாய். கொக்கியை நானே கழற்றினேன். ஓட்டையை என்ன செய்வது? என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டேன்.

அப்புறம் ஒழுக ஆரம்பித்தது. ஏணியில் ஏறி சிலிக்கான் பசை பூசும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்கும் பொட்டின்மேல் இன்னும் ஒரு பூச்சு. "எங்க அண்ணி மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். நானும் கூசாமல் கேட்டுக்கொண்டேன்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன் அண்ணன் வண்டியை விற்கப் பார்த்தார். வில்லியனூரிலிருந்து ஒருவர் வந்து, பக்கவாட்டை அறுத்து ஃபாஸ்ட் புட் கடை போடப் போவதாகச் சொல்லி அளவெடுத்துக்கொண்டு போனார். நீ படுத்த இடத்தில் நூடுல்ஸா? நான் குதித்தேன்.

"உள்ள போயி பாருடி. மழைக்கு மழை ஒழுவுது, மெத்தை நாறுது. அவ படுத்த எடம் இப்டி பூத்துப் போயி கெடக்கறத என்னால பாக்க முடியல" என்றார்.

"ஒழுவலன்னா?" என்றேன்.

"ஒழுவலன்னா நீயே வெச்சிக்க. இந்த மழைல ஒரு சொட்டு வுழுந்துது, வண்டி போயிடும்."

ஐப்பசி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. ஏழுமலையிடம் ஓடினேன். "அந்த அக்காதான் போயிட்டாங்களேன்னு கொஞ்சம் நிம்மதியா இருந்தேன். இப்ப நீங்க திட்ட வந்துட்டீங்களா?" என்றான். ஆனாலும் வந்தான். ஸ்குரூ எல்லாவற்றையும் கழற்றிச் சேனலை இறக்கி, பட்டி பூசும் தகட்டால் சிலிக்கானைச் சுரண்டினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் வேண்டினேன். ஒரு சாமியும் கேட்கவில்லை.

"இன்னாக்கா இது, வண்டிக்குப் பொட்டு வெச்சிக்கிறீங்க?"

அவன் விரல் நுனியில் என் மெரூன் பொட்டு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு வருஷம்க்கா! ரோட்ல என்னப் பாத்தா ஆரன் அடிச்சி நிறுத்தித் திட்டிட்டுப் போவாங்க. எம் பொண்டாட்டியே என்ன நம்பல." அப்புறம் ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். "வேலைய நீங்களே செய்யுங்க. நான் குந்திக்கினு சொல்றேன். அதான் ஒங்களுக்குத் தண்டனை."

உன் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். தெருவே வந்து பார்த்தது. மேலே மேலே நான் பூசியதெல்லாம் சேனலுக்குப் பின்னால் தண்ணீரைத் தேக்கி, அந்த ஓட்டை வழியாக உள்ளே அனுப்பியிருக்கிறது. "தண்ணி வர்ற வழிய அடைங்கக்கா, போற வழிய வுட்டுடுங்க" என்றான் ஏழுமலை. தகட்டைப் பெயின்ட் தின்னரால் துடைத்தேன். பூசணி ஓட்டையை ரிவெட் அடித்து மூடினேன். சூயிங்கம் மாதிரி இழுபடும் கறுப்பு டேப்பைச் சேனலின் முதுகில் நீளத்துக்கும் ஒட்டி, ஒவ்வொரு ஸ்குரூவையும் பசையில் முக்கித் திருகினேன். மேல் விளிம்பில் மட்டும் பூச்சு, கீழே திறந்துவிட்டேன். இடுப்பு இன்னும் என்னிடம் பேசவில்லை.

பிறகு ஹோஸ் பைப்பைப் பிடித்தேன். உன் அண்ணன் உள்ளே டார்ச்சோடு.

"வருதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லடி."

"நல்லா பாருங்க!"

"ஒழுவணும்னு வேண்டிக்கிறியா இன்னா?"

நிஜமான மழை அடுத்த வாரம் வந்தது. மூன்று நாள் விடவில்லை, ஏரி தளும்பிவிட்டது. கட்டிலில் செய்தித்தாள் விரித்து, மணிக்கொரு தரம் குடையோடு போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை தாளில் வட்டமாக ஈரம். குடையைப் போட்டுவிட்டு மேலே கூரையைத் தடவினேன். விடியற்காலையிலிருந்து அங்கேயே காவல் கிடந்த உன் அண்ணன் தம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"டீடி."

மூன்றாம் நாள் அவரே வில்லியனூருக்கு போன் போட்டார். "வண்டி குடுக்கறதா இல்லபா. எந் தங்கச்சி வண்டி." ஜெயித்துவிட்டேன் வசந்தி! அன்றைக்கு நம் வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகியது. நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் போய்ப் படுத்தோம்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நீ இருந்தபோதே சொல்லியிருக்கலாம் இல்லையா? நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாய். ஐந்தாம் நாள் சிரித்திருப்பாயா? ஒரு மழைக்காவது காய்ந்த தலையணையில் தூங்கியிருப்பாயே.

நீ கற்றுக்கொடுத்த லட்சணத்துக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பொங்கல் முடிந்ததும், நாம் போட்ட திட்டப்படியே கன்னியாகுமரி. கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, நீ தைத்த நீலப் படுதாவை விரித்து, அதன் நிழலில் இரண்டு தம்ளரில் டீ ஊற்றுவேன். இது சத்தியம்.

சேனலின் பள்ளத்துக்குள்ளும் பசை போய் இறுகிவிட்டதால், படுதாவை ஒரு விரற்கடைகூட நுழைக்க முடியாமல் நிற்கும்
உன் அண்ணி,
தனம்