டேங்கில் விழுந்த குழி

மார்கழி, செவ்வாய் இரவு.

இந்த ஓசூர்ப் பனிக்குக் கையெல்லாம் வெடிக்கிறதே என்று விலையைப் பார்க்காமல் வாங்கிய க்ரீமை, இன்று காலைதான் முதல்முறையாகப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். பெயிண்ட் அடிக்கும் முன் பைக் டேங்கைத் துடைத்துக் கொடுப்பது எனக்கும் என் அறைத்தோழி மஞ்சுளாவுக்கும் வேலை. கைப்பிசுக்கு பட்ட இடத்தில் பெயிண்டில் குழி விழும். எண்ணெய்தானே கூடாது, இது க்ரீம்தானே என்று நினைத்துவிட்டேன்.

வரிசையாக டேங்குகளில் குழி. சூப்பர்வைசர் நேரே மஞ்சுளாவிடம் வந்தார். எங்கள் லைனில் வெடிக்காத கை அவளுடையது மட்டும்தான்.

"எண்ணெ தேச்சிட்டு வந்தியாம்மா?"

"ராத்திரிதான் சார் தேப்பேன். காலைல சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வருவேன்."

அவர் நம்பவில்லை. நான் கையை நீட்டினேன்.

"க்ரீம் போட்டது நான்தான் சார்."

முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "பேக்கிங்குக்குப் போ" என்றார். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் வேறு.

ராத்திரி கை கழுவிவிட்டு வந்தேன். மஞ்சுளா தன் தேங்காய் எண்ணெய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஈரம் காயறதுக்குள்ள தேச்சுக்கோடி. காலைல மறக்காம கழுவிடு."

கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரி. கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். இதைத் தமிழில்தான் சொன்னாள்.

தேய்த்ததும் கை எரிச்சல் அடங்கிவிட்டது. அந்த க்ரீம் குதிகாலுக்காவது ஆகட்டும். நாளைக்கு எந்த லைனில் நிறுத்துவார்களோ. எண்ணெய்க் கையில் பேனா வழுக்குகிறது.