மதகுப் பலகையைத் தூக்க மனமில்லாதவர்கள்

என் அருமைத் தம்பி முத்தையாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. நல்ல சேதியாகச் சொல்லத்தான் ஆசை. முடியவில்லையடா. பிறை ஊரில் உன் வயல் மறுபடியும் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

கடலோரக் கரை உடைந்து உப்புத்தண்ணீர் புகுந்த அந்த மண்ணை மீட்டவன் நீ. மழைத்தண்ணீரைக் கணுக்கால் அளவு கட்டி, சேற்றைக் கலக்கி, கடல் வற்றுகிற நேரம் பார்த்து மதகுப் பலகையைத் தூக்கி விடுவாய். மூன்று தடவை அப்படிக் கழுவிய பிறகுதான் நாற்று. "மழையைக் கடலுக்குத் தானம் பண்ற மகாராசா வர்றாரு" என்று பக்கத்து வயல் சுப்பையா சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அந்தச் சுப்பையாதான் இப்போது உன் வழியில் செய்கிறானாம். உன் மகன் ராமனும் கூட்டு. தண்ணீர் கட்டுகிறார்கள், கலக்குகிறார்கள், பலகையை மட்டும் தூக்குவதில்லை. தண்ணீர் வெயிலில் காய்கிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. கழுவின தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தால் சட்டி சுத்தமாகுமா?

போன வாரம் ஜார்ஜ் டவுனில் பேத்தி வீட்டிலிருந்து படகேறி, எதிர்க்கரையில் பிறைக்கே போய்க் கேட்டேன்.

"அக்கா, கப்பலேறி இங்க வர்றதுக்கு முந்தி ஊர்ல ஒரு குடம் தண்ணிக்கு ஒரு கல் தூரம் நடந்தவங்க நாம. தானா வந்த தண்ணிய எப்படித் திறந்து விடுறது? கை வரல" என்றான் சுப்பையா.

ராமன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தத் தடவையும் வெளையலைன்னா நிலத்தத் திருப்பிக் கொடுத்துட்டு, துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போறேன் அத்தை. அப்பா வழி அப்பாவோட போச்சு."

திட்ட வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். ஏனென்று உனக்குத் தெரியும். முதல் வருஷம் நீ தூக்கி வைத்த பலகையை, நீ அந்தப் பக்கம் போனதும் இறக்கி மூடியவள் நான்தானே? நாற்று முழுக்கக் கருகியது. நீ பத்து நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

பிள்ளை கையில் பலகையைக் கொடுக்காமல் கடைசிவரை நீயே தூக்கிக்கொண்டிருந்தாயே, அது யார் குற்றம்? எல்லாம் என் தலையில் விழவேண்டுமா?

இந்த வயசில் சேற்றில் இறங்குவதா என்று பேத்தி தடுக்கிறாள். இறங்கத்தான் போகிறேன். தண்ணீர்மலை முருகன் மேல் ஆணை, வருகிற மழைக்கு ராமன் கையைப் பிடித்துப் பலகையில் வைத்து, அவனோடு சேர்ந்து மூன்று தடவையும் தூக்குவேன். போகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்கும் மனசு கேட்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வேன், கையை எடுக்கமாட்டேன்.

அன்று பலகையை மூடிய உன் அக்கா,
காளியம்மை