முள்ளில்லாத தூண்கள்ளி தேடிய கிழமை

திங்கள்
கச்சான் காற்று. கொடியில் உடுப்பெல்லாம் மண். சட்டிகளை எண்ணிக் கொப்பியில் பதிந்தேன். தூண்கள்ளி 11, ஆளுயரம் 3, முள்ளில்லாதது பூச்சியம்.

மருமகன் மரியாதையாகத்தான் சொன்னார். “மாமி, புள்ள தவழுது. முள்ளில்லாத இனம் கிடச்சா வைங்க. இல்லாட்டி வெள்ளிக்குள்ள எல்லாத்தையும் எடுத்திருங்க.” கலியாணத்தோடு வீட்டை மகள் பேருக்கு எழுதியாயிற்று. வளவும் அவர்களுடையது. நாளைக்குத் தேடிப் போகவேண்டும்.

செவ்வாய்
நாவிதன்வெளிப் பக்கம் ஒரு செடிக்காரன். முழ உயரத் தூண்கள்ளி. தடவினேன், வழவழ. முள் வரும் பொட்டுகளில் பஞ்சு மட்டும். நுனியில் பச்சைச் சீலை, நூல் சுற்று. “கண்ணூறுக்கு ஓதிக் கட்டினது ராத்தா, அவுக்காதீங்க. வல்லாஹி, முள்ளே வராது.” ஓதினது என்றதும் சீலையில் கை வைக்கவில்லை. பிஸ்மி சொல்லி வாங்கி வந்தேன்.

புதன்
தூசி துடைக்க, பஞ்சு விரலோடு வந்தது. தலையணைப் பஞ்சு! கோந்து. அடியில் முள் பிடுங்கின புண், சீழ் போல் கசிவு. நாற்றம். நூலை அவிழ்த்தேன். தளிரில் கொத்தாகப் பிஞ்சு முள். புது முள் வரும் நுனியைத்தான் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டும். தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

ஓதலை வைத்து மூடியிருக்கிறான். மூன்று தரம் கை கழுவினேன். செடிக்காரனைப் போனில் கேட்டால், “நூல ஏன் அவுத்தீங்க? அவுத்ததாலதான் முளச்சிரிக்கி!” எனக்கு ஈமான் குறைவாம்.

வியாழன்
சுன்னத் நோன்பு. பருப்பு அடிப்பிடித்தது. மகளிடம் கள்ளியைக் காட்டினேன். “நுனியையும் நுள்ளி உடுங்கம்மா. அவருக்கென்ன தெரியும்?” நான் பெற்ற பிள்ளை. நோன்பு திறந்துவிட்டு, நுள்ளாமல் அப்படியே வைத்தேன்.

வெள்ளி
நுனியில் சீலையையும் நூலையும் மகள் திரும்பக் கட்டி வைத்திருக்கிறாள். ஜும்ஆ முடிந்து மருமகன் வந்தார், கள்ளியைத் தடவிச் சிரித்தார். “கிடச்சிட்டே! அப்ப மத்ததையும் மெல்ல மெல்ல மாத்துங்க மாமி, அவசரமில்ல.” வாயை மூடினால் பதினொன்றும் தப்பும். மகள் கண்ணைக் காட்டினாள்.

“இல்ல மகன். இது முள்ளுப் பிடுங்கின கள்ளி.”

“அதுக்கென்ன? எல்லாத்தையும் பிடுங்கி உடுங்க. புள்ளைக்குக் குத்தாட்டிச் சரி.”

பதினொன்றும் புண்ணாகிக் கசிந்து நிற்பது கண்ணில் வந்தது. சீ. நற்பிட்டிமுனைத் தங்கச்சியிடம் சட்டி ஏற்ற லான்ட்மாஸ்டர் வண்டி அனுப்பச் சொன்னேன். அஸர் தொழுகைக்கு முந்தி வருமாம். பதினொன்றும் முள்ளோடுதான் போகும்.