நீ பிடுங்காமல் போன ஒரு வரிசைச் செடி

மச்சான்,

இன்று காலை மேட்டுப்பாளையத்திலிருந்து ஓர் ஆள் கார் பார்க்க வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். டிக்கியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “என்னங்க, வண்டிக்குள்ளயே டீ ஃபேக்டரி நடத்துனீங்களா?” என்று சிரித்தார். எனக்கும் அந்த வாசம் ஏறியது. மூட்டைக்குள் அடைபட்டு வாடிய பச்சை இலையின் வாசம். எத்தனை முறை கழுவினாலும் அது போகவில்லை. குடும்பத்தோடு போய்வர வாங்கிய செடான் காரின் டிக்கியில் இலை மூட்டை ஏற்றியவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு அவர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். “அடேங்கப்பா, இப்படிச் சிராய்ச்சு வெச்சிருக்கீங்க! எந்தப் பாறை மேல ஓட்டுனீங்க?” என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “பாறை மேல இல்லீங்க, ஒருத்தன் சொன்ன சொல்லு மேல ஓட்டுனேன்” என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போன் செய்வதாகச் சொல்லிப் போனார். நான் டிக்கியை மூடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

செத்துப்போனவரோடு சண்டை போடக் கூடாது என்கிறாள் உன் தங்கச்சி. என் மனைவியைத்தான் சொல்கிறேன். அவளை வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டவன் நீதானே. உயிரோடு இருந்தபோது நீ சண்டைக்கு எங்கே பிடி கொடுத்தாய்? போன் அடித்தால் எடுக்கமாட்டாய், எடுத்தால் “டவர் இல்லை மாப்ள” என்பாய். அதனால் இப்போது போடுகிறேன். இனி நீ போனை வைக்க முடியாது.

நாம் இருவரும் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். ஜெகதளாவுக்கு மேலே ஒரே ஆளிடம் பக்கத்துப் பக்கமாகத் தோட்டம் வாங்கினோம். மேல் தோட்டம் எனக்கு, கீழ்த் தோட்டம் உனக்கு. என் பக்கத்தில் ஊற்று இருந்தது. ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு ஏறும் தடம் உன் செடிகளுக்கு நடுவே போனது. மேலே இருப்பவன் தண்ணீர் விட வேண்டும், கீழே இருப்பவன் தடம் விட வேண்டும். நம் மாதிரிச் சின்னத் தோட்டக்காரர்கள் இதை யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை. எழுதித் தரச் சொல்லிக் கேட்பதுதான் நமக்குள் அசிங்கம். நீ தடத்தின் தலைப்பில் நின்று தேங்காய் உடைத்தாய். “உனக்குத் தடம், எனக்குத் தண்ணி. நாம இருக்கற வரைக்கும் இதுல பேச்சு மாறக் கூடாது மாப்ள” என்றாய். உடைத்த தேங்காயில் பெரிய மூடியை நீயே எடுத்துக்கொண்டாய். அன்றைக்கு நான் சிரித்தேன்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை காணவில்லை. ஃபேக்டரி மூடிக்கொண்டு நம்மை வெளியே அனுப்பியது. மேலே ஏறி வந்து இலை எடுத்துப் போன ஜீப்காரர், “இத்தனூண்டு இலைக்கு அவ்வளவு தூரம் ஏறுனா டீசலுக்குக் கட்டாதுங்க” என்று கும்பிடு போட்டார். அதே சமயத்தில்தான் உன் தங்கச்சிக்கு இரண்டு முழங்காலும் போயின. அவளால் அந்த ஏற்றத்தை நடந்து ஏற முடியவில்லை. குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், ரோட்டோரத்தில் இலை எடை போடும் கொட்டகையில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அழுதது உனக்குத் தெரியும். அவளை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க ஒரு வண்டி வேண்டும். எனக்கு வேறு எதற்குக் கார்?

அந்தக் கொட்டகையில் நாம் பேசிய பேச்சை ரெக்கார்டு செய்திருந்தால் கார் கம்பெனிக்காரனே காசு கொடுத்து வாங்கியிருப்பான். எஸ்யூவியா, செடானா? நான் எஸ்யூவி பக்கம். பெரியது வேண்டாம், நாலு மீட்டருக்குள் அடங்குகிற காம்பேக்ட் எஸ்யூவி போதும். தரையிலிருந்து உயரமாக நிற்கும், நம் தடத்துக் கல்லில் அடி தட்டாது, வளைவில் சுருக்கமாகத் திரும்பும் என்றேன். நீ செடான் பக்கம். “ஒசரமா இருக்கற வண்டி கொண்டை ஊசி வளைவுல ஆடும் மாப்ள. தங்கச்சி மேட்டுப்பாளையம் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு தடவ வாந்தி எடுக்கும்” என்றாய். அதற்கு டயர் விலை அதிகம், இன்ஷூரன்ஸ் அதிகம், கனமான உடம்பை இழுத்துக்கொண்டு மலை ஏறினால் பெட்ரோல் குடிக்கும் என்றாய். வாங்குகிற அன்றைக்குக் கொடுக்கிற விலை பெரிதில்லை, வருஷா வருஷம் அது நம்மிடம் பிடுங்குவதுதான் பெரிது என்றாய். செடான் வாங்கும் ஆள் குறைந்துபோனதால் நல்ல தள்ளுபடி தருகிறார்கள் என்பதையும் எங்கோ விசாரித்து வந்து சொன்னாய். நீ சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

ஆவணியில் மூவரும் கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? செங்கல் நிறத்தில் ஓர் எஸ்யூவி நின்றது. உன் தங்கச்சி சேலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று அப்படியே இருக்கையில் உட்கார்ந்தாள். குனியவும் இல்லை, எக்கவும் இல்லை. “ஏனுங்க, நாற்காலில உக்கார்ற மாதிரி இருக்குதுங்க!” என்று சின்னப் பிள்ளைபோலச் சொன்னாள். செடானில் உட்கார்ந்தபோது கீழே அமிழ்ந்துபோனாள். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, ஓட்டிப்பார்க்கக் கூட்டிப்போன பெண்ணை வம்புக்கு இழுத்தாய். “ஏம்மா, மேசை மாதிரி இருக்கற ரோட்டுல ஓட்டிக் காட்டறீங்களே, எங்கூர்ல ரெண்டாவது கியர்ல எறங்கறப்ப இது என்ன பண்ணும்னு சொல்லுங்க பார்க்கலாம்?” அந்தப் பெண் விழிக்க, நானும் உன் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

திரும்பும் வழியில் பேக்கரியில் டீ குடிக்கும்போதுதான் நீ அதைச் சொன்னாய். ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. “மாப்ள, உனக்கு ஒசரமான வண்டி எதுக்கு? தடம் மோசங்கறதுக்குத்தானே? நான் தடத்தோரத்துல ஒரு வரிசைச் செடியப் புடுங்கிடறேன். வளைவு அகலமாயிரும். செடான்ல மிச்சமாகுற காசுல காங்கிரீட் போட்டுக்கலாம். தங்கச்சி ஊட்டு வாசப்படியிலயே எறங்கட்டும்.” உன் தங்கச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். துளிர்க்கிற தேயிலைச் செடியை ஒருவன் தானாகப் பிடுங்குவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். “நெசமாவா அண்ணா?” என்றாள். “அட, எலைக்குத்தான் வெலையே இல்லியே, அது நின்னா என்ன, போனா என்ன?” என்றாய். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே செடான் என்று முடிவாயிற்று. ஊரில் எல்லோரும் மைலேஜும் சர்வீஸும் பார்த்துக் கார் வாங்குவார்கள். நாங்கள் உன் செடி வரிசையைப் பார்த்து வாங்கினோம்.

வண்டி வந்தது. நீதான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாய். தடம் போடும்வரை கொட்டகை ஓரம் நிறுத்தி வைத்தேன். “மழை நிக்கட்டும் மாப்ள” என்றாய். மழை நின்றது. “பையனைப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று கோயம்புத்தூர் போனாய். நீயும் வரவில்லை, சிமெண்டும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் உன் தோட்டத்தில் ஆட்கள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். உன் தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணன் ஆள் அனுப்பிட்டாருங்க! வெறுங்கையோட போகாதீங்க” என்று காலை இழுத்து இழுத்து நடந்து டீ போட்டுத் தந்தாள். தூக்குப் போசியும் டம்ளருமாக நான் இறங்கிப் போனேன். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “வளைவுல எந்த வரிசையப் புடுங்கறீங்க?” என்று கேட்டேன். அவர்களில் பெரியவர் டம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“எந்த வரிசைங்க? நாங்க காட்டேஜ் கட்ட அளக்கறோமுங்க. தோட்டம் கைமாறிடுச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எப்போங்க?”

“பத்திரம் இப்பத்தானுங்க. ஆடியிலயே பேசி முடிச்சு அட்வான்ஸ் வாங்கிட்டாருங்களே.”

ஆடி. நாம் ஷோரூமுக்குப் போனது ஆவணியில். அந்தப் பேக்கரியில் நீ செடி பிடுங்குகிறேன் என்று சொன்னபோது, அந்தச் செடி உன்னுடையதே இல்லை. நான் மீதி டீயையும் அவர்களுக்கே ஊற்றிவிட்டு மேலே ஏறினேன். வாசலில் நின்றுகொண்டிருந்த அவளைத் தாண்டிப் போசியைக் கழுவப் போய்விட்டேன்.

தோட்டத்தை விற்றதற்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. சாமி சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் விற்காதவன் எவன்? உன் பையனுக்கு என்ன நெருக்கடியோ, உனக்கு என்ன முடையோ. “மாப்ள, தாங்க முடியல, வித்துட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் தோளில் கை போட்டு நானும் அழுதிருப்பேன். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அதற்குப் பதிலாக உன் தங்கச்சியைச் சந்தோஷப்படுத்த ஒரு வாக்கைக் கொடுத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சும்மா இருந்திருந்தால் நான் எஸ்யூவி வாங்கியிருப்பேன். ஒருமுறை போனை எடுத்தாய். “சொல்லோணும்னுதான் இருந்தேன் மாப்ள” என்றாய். அதோடு போனை வைத்துவிட்டாய்.

புதிதாக வாங்கியவன் தடத்தை மறிக்கவில்லை. ஆனால் ஒரு செடியையும் தொடமாட்டேன், காங்கிரீட்டும் போடவிடமாட்டேன் என்றுவிட்டான். குறுக்கே ஒரு கால்வாய் வேறு வெட்டினான். வீம்புக்குச் செடானை ஏற்றிப் பார்த்தேன். முதல் கல்லில் அடி தட்டியது, கால்வாயில் மூக்கு இடித்தது, வளைவில் பின்னாலும் போக முடியாமல் முன்னாலும் போக முடியாமல் நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்தவள், “போதுமுங்க, எறங்கிக்கிறேன்” என்றாள். அன்றிலிருந்து அவள் ரோட்டோரத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். நான் மேலே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பறித்த இலையைத் தலையில் சுமந்து வந்து டிக்கியில் ஏற்றி வேறு ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிறேன். சொந்த வீட்டில் அடுப்பு பற்றவைத்து அவளுக்கு இரண்டு மழைக்காலம் ஆகிறது.

நீ போன செய்தி வந்ததும் அவள்தான் கிளம்பச் சொன்னாள். செடானில்தான் வந்தோம். வழியெல்லாம் சீராக ஓடியது, அவள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் நீ சொன்னது சரிதான். உன் மகன் வீட்டு வாசலில் செங்கல் நிறத்தில் ஓர் எஸ்யூவி நின்றது. அதே மாடல். யாருடையதோ என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகத்தான் சொன்னார்: “உங்களப் பார்க்க வரோணும்னு சொல்லிட்டே இருந்தாருங்கண்ணா. மேல உங்க ஊடு வரைக்கும் ஏறோணும்னா இந்த வண்டிதான் சரிப்படும்னு ஆசையா வாங்குனாரு. கெளம்பறதுக்குத்தான் மனசு வரல.”

பாவம், அந்த அம்மாவுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எந்த வண்டி அந்தத் தடத்தில் ஏறும் என்பது உனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் எனக்கு மற்றதைச் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்தேன் மச்சான். மாலை போட்டேன். கண்ணீர் வரவில்லை. திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டி முதல் வளைவில், யாரும் சொல்லாமலே கை ரெண்டாவது கியருக்குப் போனது. உன் குரல் காதில் விழுந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அங்கேதான் அழுதேன்.

இப்போது இந்தக் காரைத் தள்ளிவிட்டு, இலை ஏற்றும் பழைய ஜீப் ஒன்றை வாங்கப் போகிறேன். மஞ்சூரில் ஒன்று இருக்கிறதாம். டீசல் குடிக்கும், உடம்பெல்லாம் குலுங்கும், வருஷா வருஷம் எவ்வளவு பிடுங்குமோ தெரியாது. ஆனால் ஏறும். “இலை மூட்டை போற வண்டியில நானும் ஒரு மூட்டையாப் போய்க்கறேனுங்க, எங்க ஊட்டுல கொண்டுபோய் எறக்குனாப் போதும்” என்கிறாள் உன் தங்கச்சி. ஆனால் இந்தத் தடவை அவள் உட்கார்ந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் காசை நீட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் தோட்டத்துக்குப் போகும் குழாய் இன்னமும் என் ஊற்றிலிருந்துதான் போகிறது. காட்டேஜ் கட்டுகிறவனுக்கு அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடாது. ‘மூடு, தடம் தானாக வரும்’ என்று ஊரே சொல்கிறது. போன கோடையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஊற்றுவரை போய்விட்டேன். வால்வைப் பிடித்தும்விட்டேன். திருப்ப முடியவில்லை. நான் பெரிய நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். “நல்லதாப் போச்சுங்க. நீங்களும் மூடிட்டா, அப்புறம் அண்ணன எந்த வாயால திட்டறது?” என்றாள்.

நாம் இருக்கிற வரைக்கும் பேச்சு மாறக் கூடாது என்று நீதான் சொன்னாய். நீ இல்லை. நான் இருக்கிறேன். தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.