சிவப்புப் பிடியில் ஒரு கயிறு

என் தங்கத்துக்கு,

நாளை நீ வீட்டுக்கு உன் பட்டப் பையை எடுக்க வரும்போது நான் காலை ஷிஃப்டில் இருப்பேன். போகாதே என்று இனிச் சொல்லமாட்டேன். வியட்நாமில் அந்த வளைகுடா ஊரில் வாரம் முழுக்கக் காற்று பலமாக அடிக்குமாம் என்று நீ துள்ளினாய். பலகைமேல் நிற்கும் உன்னை அந்தப் பெரிய பட்டம் கடல்மேல் இழுத்துக்கொண்டு போகும் வீடியோவை நான் இன்னும் முழுதாகப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலில் உனக்காகக் காப்புக் கயிறு வாங்கினேன். உன் கையில் கட்ட விடமாட்டாய். அதனால் பையைத் திறந்து, உன் இடுப்புப் பட்டையைப் பட்டத்தோடு இணைக்கும் சிவப்புப் பிடியில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன்.

நேற்று போனில் நீ சொன்னாய்: “ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த ரெட் பிடியத் தள்ளுனா போதும்மா, பட்டம் கழண்டுடும். சும்மா பயப்படாதீங்க லா.”

போனை வைத்ததும் பையைத் திறந்தேன். கயிறு இருந்தால் அந்தப் பிடி நகராது.

அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. கத்திரிக்கோலை எடுத்தேன், வெட்டக் கை வரவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உன் அப்பா கையிலிருந்த கயிற்றை நர்ஸ் கழற்றச் சொன்னபோது நான்தான் வெட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதமாட்டேன்.

கத்திரிக்கோல் பைமேலேயே இருக்கிறது. நீயே வெட்டிவிடு. வெட்டாமல் பையைத் தூக்காதே.

கயிற்றைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதே. மேசைமேல் வை. நீ திரும்பி வரும்வரை நான் கட்டிக்கொள்கிறேன்.

உன் அம்மா