கோணிய வாய்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

வலிப்பில் கிடந்த என் பிள்ளையை நீ அறைந்தாய். விடுமுறைக்கு அவளை உன்னிடம் அனுப்பியது என் புத்திகெட்டதனம். வீடு திரும்பிய பிறகு என் கண் முன்னாலேயே அந்த வலிப்பு வந்தது. விடிகிற நேரம், பாதித் தூக்கம். வாய் ஒரு பக்கம் இழுத்தது, எச்சில் வழிந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. உன் வீட்டிலும் இப்படித்தான் விழித்தாளாம், அதற்குத்தான் அடியாம். டாக்டரிடம் போகிறோம்.

தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

அடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு முகவாதம் வந்து வாய் கோணியதிலிருந்து, சலூனுக்கு முடிவெட்ட வருகிற பொடிசுகள்கூட கண்ணாடியில் என்னைப் பார்த்து வாயைக் கோணுகின்றன. யார் மாதிரியும் பேசிக்காட்டுவாள் என்றுதானே உன் மகளுக்கு மைனா என்று பேர்? எழுப்பப் போனால் என் மூஞ்சியை அப்படியே செய்கிறாள். "என்னடி, மாமாவுக்கே பழிப்பா?" என்றேன். பதில் இல்லை. வீட்டுக்குள்ளுமா என்று எரிந்தது, கை நீண்டுவிட்டது.

வலிப்பு என்று வெளியில் சொல்லித் தொலைக்காதே. பெண் பிள்ளை, நாளைக்கு எவன் கட்டுவான்?

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

எவன் கட்டுவான் என்ற கவலையை உன் கத்தரிக்கோலோடு வைத்துக்கொள். இப்படி மூடி மூடித்தான் எத்தனை பிள்ளைகளை 'நடிக்கிறாய்' என்று அடித்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் மூளையைச் சோதிக்க மைனாவின் தலை முழுக்க ஒயர் ஒட்டித் தூங்கவைத்தார்கள். விழித்திருந்தவரை திரையில் கோடுகள் சாதுவாக ஓடின. கண் சொக்கியதும் முள் முள்ளாக எழும்பின. முகமோ நிம்மதியாக உறங்கியது. "மூளையில முகத்தையும் நாக்கையும் ஆட்டுற இடம்மா அது. பெரும்பாலும் வளர வளர தானே நின்னுடும். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க" என்றார் டாக்டர். வந்த வழியே போய்விடுமாம், அண்ணா.

அதைவிட, மைனா சொன்னதைக் கேள். "மாமா திட்டுனதெல்லாம் கேட்டுச்சும்மா. 'இல்ல மாமா'ன்னு சொல்லத்தான் பார்த்தேன். தொண்டை வரைக்கும் வந்துச்சு, நாக்கு என் பேச்சைக் கேக்கல." அத்தனை நேரமும் உள்ளே முழுசாக இருந்திருக்கிறாள். பிறகு கேட்டாள்: "மாமாவுக்கு வாய் வலிக்குமா?"

தங்கை

ஏப்ரல் 15

அண்ணா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

மைனா இப்போது யார் மாதிரியும் பேசிக்காட்டுவதில்லை. கண்ணாடி முன் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் மேல் தப்பில்லை என்று நான் சொன்னேன், டாக்டர் சொன்னார். தலையாட்டுகிறாள், நம்பவில்லை. அடித்தவன் சொன்னால்தான் நம்புவாள்.

கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வராதே. அந்த வாயோடே வந்து அவள் எதிரில் உட்கார். "நீ பழிக்கல மைனா" என்று சொல்.

என்றைக்கு வருகிறாய்?

தங்கை